ஆலையூரில் ஓர் ஆங்கில உபாத்தியாயர்

கும்மிடிப்பூண்டியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்று நான் என்னை அறிமுகம் செய்துகொண்டால், கேட்பவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பரீட்சையையும் மனத்தில் நினைத்துக்கொண்டு தலையசைப்பது வழக்கம். என் மாணாக்கர்களில் பலர் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள். இரும்பு உருக்கும் ஆலைகளிலும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களிலும், ரசாயனத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். காலை ஷிப்டு முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகோ, நைட் ஷிப்டுக்குப் புறப்படுமுன் கிடைக்கும் அவகாசத்திலோ, ரயிலடிக்கு அருகில் உள்ள மாடி அறைக்கு வந்து பெஞ்சியில் இடம் பிடித்து உட்காருகிறவர்கள். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த இளைஞர்களும், தடாவுக்கு அப்பால் உள்ள ஸ்ரீசிட்டித் தொழில் நகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். இவர்களுக்குப் புதிய ஆங்கிலச் சொற்களைக் கற்பிப்பதும், அச்சொற்களை வாக்கியங்களில் அமைத்துப் பிரயோகிக்கப் பழக்குவதுமே நெடுங்காலமாக என் ஜீவனோபாயம். அந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள், ஆங்கிலம் கற்கப் பிரயாசைப்படும் தமிழர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்க முன்வரும் உபாத்தியாயர்களுக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரின் சுபாவத்தை முதலில் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து வடக்கே வரும் மின்சார ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அதற்கும் அப்பால் ஜி.என்.டி. சாலை ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திர தேசம் தொடங்கிவிடுகிறது. 1960ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று; ஆனால் வீட்டுக்குள் பேசும் பாஷை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு இடம் மாறுவதில்லையாகையால், தமிழும் தெலுங்கும் இன்றுவரை இங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களுக்கான முகாமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகவே, ஒரே கிரேனுக்கு அடியில் நான்கு பாஷைக்காரர்கள் நின்று வேலை செய்வது இங்கே அதிசயமில்லை. வாய்ப்பேச்சுக்குப் பாதி இந்தியும் பாதி கைஜாடையும் போதுமானவையாக இருக்கின்றன. காகிதத்தில் எழுதவேண்டியது என்று வந்துவிட்டால் மட்டும், அது லாக் புக்கானாலும் பிரேக்டவுன் ரிப்போர்ட்டானாலும், ஸ்டோருக்குக் கொடுக்கும் இன்டென்டானாலும் லீவு லெட்டரானாலும், ஆங்கிலத்தில்தான் எழுதியாகவேண்டும். யந்திரத்தின் ஒவ்வொரு சப்தத்துக்கும் காரணம் சொல்லக்கூடிய முதிர்ந்த தொழிலாளி, அந்தக் காரணத்தை நான்கு வரியில் எழுதத் தெரியாத ஒரே குறையால், நேற்று வந்த டிப்ளமாக்காரப் பையனுக்குக் கீழே நின்றுவிடுகிறான். இந்த மனக்குறைதான் அவர்களை என் மாடிப்படி ஏறவைக்கிறது.

அந்நிய பாஷைச் சொற்கள் இந்தக் கடற்கரைக்குப் புதியவை அல்ல. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டிலேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர் அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். நாம் செலவழிக்கும் துட்டு டச்சுக்காரருடையது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியருடையவை. கட்டடத்திலும் ஆலையிலும் ஆள்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியின் பட்டமும் அவர்களிடமிருந்து வந்ததே. இவற்றையெல்லாம் நம் முன்னோர்கள் எந்த உபாத்தியாயரிடமும் படித்துக்கொள்ளவில்லை. சாமான் வந்தது, வேலை வந்தது, அவற்றோடு சொல்லும் வந்தது. இன்றைக்கு ஆலைத் தொழிலாளி ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள்ளும் விதமும் இதுவேதான் என்பதை என் வகுப்பின் முதல் நாளிலேயே கண்கூடாகக் காணலாம்.

முதல் நாள் நான் பாடம் எதுவும் நடத்துவதில்லை. “உங்களுக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளைச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்பேன். “எங்களுக்கு எங்கே சார் இங்கிலீஷ் தெரியும்?” என்று ஒருவர் தயங்குவார். “சரி, நேற்று ஷிப்டில் என்ன வேலை பார்த்தீர்கள்? தமிழிலேயே சொல்லுங்கள்” என்பேன். உடனே தயக்கம் போய்விடும். “பர்னஸ் சார்ஜ் பண்ணோம்”, “பில்லட் ஸ்டாண்டுல ஜாம் ஆயிடுச்சு, கட் பண்ணி எடுத்தோம்”, “மோட்டார் ஓவர்லோடு ஆகி டிரிப் ஆச்சு”, “வால்வு லீக் ஆச்சு, கேஸ்கட் சேஞ்ச் பண்ணோம்” என்று ஒருவர் பின் ஒருவராகப் பொழியத் தொடங்குவார்கள். அவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவேன். பலகை நிறைந்து, எழுத இடமில்லாமற்போன பிறகு, இவ்வளவையும் தமிழ் என்று நினைத்துத்தானே இத்தனை நாளும் பேசிவந்தோம் என்ற வியப்பு அவர்கள் முகத்தில் தெரியும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவர்கூட நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பதங்களுக்குச் சொந்தக்காரராக இருக்கிறார். அப்படியிருக்க, முப்பது நாளில் ஆங்கிலம் என்றும், தினம் பத்து வார்த்தை என்றும் சொல்லி ரயில் நிலையத்தில் விற்கும் புத்தகத்தை வாங்கி அவர் உருப்போட முயல்வது, வீட்டுக் கிணற்றை மூடிவைத்துவிட்டுக் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போவது போன்ற காரியம்.

அவரிடம் இல்லாதது சொல் அல்ல, வாக்கியம். தமிழ் தன்னிடம் வந்து சேரும் அந்நியச் சொற்களை எல்லாம் இரண்டு வினைகளைக் கொண்டு ஆண்டுவிடுகிறது. ஒருவர் செய்யும் காரியமானால் ‘பண்ணு’ என்பதையும், தானாக நிகழும் காரியமானால் ‘ஆகு’ என்பதையும் பின்னால் சேர்த்துவிட்டால் போதும். வந்த சொல் பெயரா வினையா, உரிச்சொல்லா என்று யாரும் விசாரிக்கவேண்டியதில்லை. இந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கில வாக்கியத்துக்குள் நுழையும்போது அதை வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. ‘ஆச்சு’ என்பதற்கு நேராக ‘வாஸ்’ என்பதைக் கொண்டுபோய் வைத்துவிடுவது நம்மவர்கள் எல்லோருக்கும் உள்ள இயல்பு. அதனால்தான் ‘தி மோட்டார் வாஸ் ஃபெயில்ட்’ என்றும் ‘தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பண்ட்’ என்றும் எழுதிவிடுகிறோம். ஆலைத் தொழிலாளி மட்டுமன்றிப் பட்டம் பெற்று உத்தியோகத்தில் இருப்பவர்களும் எழுதுகிறார்கள். ‘வாஸ்’ போடவேண்டாம் என்று ஒரே விதியாகச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்ரீசிட்டிக்குப் போகும் ஒரு பெண், தாமதமாக வந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தபோது என்னிடம் சொன்னாள்: “சார், டிலேங்கிற வார்த்தை எனக்குத் தெரியும். அதை லெட்டர்ல எந்த இடத்துல வைக்கிறதுன்னுதான் தெரியல.” பஸ் டிலே ஆயிற்று என்பதை ஆங்கிலத்தில் ‘தி பஸ் வாஸ் டிலேய்ட்’ என்றுதான் எழுதவேண்டும், மோட்டார் ஃபெயில் ஆயிற்று என்பதையோ ‘தி மோட்டார் ஃபெயில்ட்’ என்றுதான் எழுதவேண்டும். தமிழில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ‘வாஸ்’ வேண்டும், மற்றொன்றுக்குக் கூடாது. இதை எந்தச் சொற்பட்டியலும் சொல்லிக்கொடுக்காது. ‘டிலே’ என்றால் தாமதம் என்று பொருள் எழுதி மனனம் செய்தவளுக்குத் தெரியாததையே அவள் அவ்வளவு தெளிவாகக் கேட்டாள்.

சொற்பட்டியல் என்பதை நான் இகழ்வதாக யாரும் நினைக்கவேண்டாம். அது பெரிய அறிஞர்கள் ஆயுளைச் செலவிட்டு வளர்த்த சாஸ்திரம். அதன் ஆரம்ப அத்தியாயங்களில் முக்கியமான ஒன்று பிரிவினைக்கு முன்பிருந்த நம் தேசத்தில்தான் எழுதப்பட்டது. மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, வங்காளத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாக வாசிக்க இயலாமல் இருப்பதைக் கண்டு, அபூர்வமான பதங்களை நீக்கிவிட்டு, அடிக்கடி வழங்கும் பதங்களை மட்டும் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் புகுத்தும் வாசகப் புத்தகங்களைத் தயாரித்தார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 பதங்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் கூறியது. 1953இல் அவர் பதிப்பித்த பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் அடங்கியிருந்தன. இங்கிலாந்தில் ஆக்டன் என்பவர் 850 சொற்களைக் கொண்டே உலக வியவகாரங்களை எல்லாம் நடத்திவிடலாம் என்று 1930இல் ஒரு திட்டம் வகுத்தார். எந்தச் சொல்லை முன்னே கற்பிப்பது, எதைப் பின்னே கற்பிப்பது என்னும் கேள்விக்கு இவர்கள் அளித்த விடைகளை இன்றும் உபாத்தியாயர்கள் தள்ளிவிட முடியாது.

ஆனால், என் மாணாக்கர்களின் குறையைத் தீர்க்கும் வழியைத் தேடியபோது எனக்கு அதிகமாகக் கைகொடுத்தவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த அவரும் அவருடைய சகாக்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டின் வெளியீடாக உலகெங்கும் பரவியது. ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நிற்காமல், அது எத்தகைய வாக்கிய அமைப்புகளில் வரும் என்பதையும் அந்த அகராதி குறித்துக் காட்டியது. இன்ன வினைக்குப் பின்னால் இன்னது வரலாம், இன்னது வரக்கூடாது என்ற அறிவு, அந்தப் பாஷையை மடியில் கிடந்து கற்றவனுக்கு இயல்பாக அமைந்துவிடுகிறது. ஜப்பானியனும் தமிழனும் அதைத் தேடித்தான் பெறவேண்டியிருக்கிறது. நம் மாகாணத்திலும் இந்த அபிப்பிராயம் ஒரு காலத்தில் ஊக்கத்தோடு பரவியது. 1959இல் சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு, சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி அளிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது; சிலருக்கு முதலில் பயிற்சி அளித்து, அவர்கள் பலருக்குப் பயிற்சி அளிப்பது என்று அதன் ஏற்பாடு. வாக்கியங்களைக் கூட்டமாகச் சேர்ந்து ஓதும் பாடம் அந்தத் தலைமுறையினருக்கு ஞாபகம் இருக்கும். பின்னர் 1979 முதல் 1984 வரை பேராசிரியர் என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய பரிசோதனை வேறொரு திசையைக் காட்டியது. பாஷையின் அமைப்பை முன்னே வைக்காமல், பிள்ளைகள் யோசித்துச் செய்து முடிக்கவேண்டிய ஒரு காரியத்தை முன்னே வைத்தால், அந்தக் காரியத்தின் பொருட்டே பாஷை வந்து படியும் என்பது அவர் கொள்கை. வாக்கிய அமைப்பு வேண்டும் என்பதை நான் முன்னவர்களிடமிருந்தும், அந்த வாக்கியம் ஓர் உண்மையான காரியத்திலிருந்து பிறக்கவேண்டும் என்பதைப் பின்னவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன். என் மாணாக்கர்களுக்கோ உண்மையான காரியத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவர்களில் ஒருவர், உருக்காலையில் தண்ணீர்ப் பம்புகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர், வகுப்பில் சொன்ன சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். இண்டக்ஷன் பர்னஸில் இரும்பை உருக்கும் காயில் என்பது செம்புக் குழாயால் ஆனது. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது தாங்கும். ஆகையால் தண்ணீர்ப் பம்பு நிற்பது அங்கே அற்ப விஷயமல்ல. ஒரு நாள் இரவு பம்பு டிரிப் ஆயிற்று. ஸ்டாண்ட்-பை பம்பை ஓட்டிவிட்டு இவர் போய்ப் பார்த்தார். பம்பின் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்ட், அளவுக்கு மீறி முடுக்கப்பட்டிருந்தது. அதனால் தண்டு சூடேறி, மோட்டார் அதிகச் சுமை இழுத்து நின்றுபோயிருந்தது. இவர் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, அங்கே இருக்கவேண்டிய முறைப்படி துளித்துளியாகத் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பம்பை மறுபடி ஓட்டினார். பிறகு லாக் புக்கில் எழுதினார்: ‘பம்ப் டிரிப். கிளாண்ட் டைட். ஓகே.’

காலையில் வந்த ஃபிட்டர் அதைப் படித்தார்; கிளாண்டை டைட் பண்ணியிருக்கிறார்கள் என்று பொருள் கொண்டார். போய்ப் பார்த்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரிக்காரர் சரியாக முடுக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, ஸ்பானரை எடுத்து நன்றாக முடுக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் பம்பு மறுபடி நின்றது. “ஏண்ணே, நீங்கதானே டைட்டுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?” என்று அவரும், “டைட்டா இருந்துச்சுன்னுதானே தம்பி எழுதினேன்” என்று இவரும் வாதிட்டுக்கொண்டது நியாயந்தான், இருவரிடத்திலும் தவறில்லை. ஐந்து ஆங்கிலச் சொற்களும் எழுத்துப் பிழை இல்லாமல்தான் இருந்தன. அவற்றை இணைக்கவேண்டிய வாக்கியம் இல்லாமற்போனதால், நோயும் மருந்தும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

அந்தச் சம்பவத்தை அன்றைய பாடமாக வைத்துக்கொண்டோம். ‘தி கிளாண்ட் வாஸ் டூ டைட்’ என்று நிலைமையை முதலில் எழுதினோம். ‘ஐ லூசண்ட் இட் அண்ட் ரீஸ்டார்ட்டட் தி பம்ப்’ என்று செய்த காரியத்தை அடுத்தபடி எழுதினோம். ‘டு நாட் டைட்டன் இட்’ என்று காலையில் வருகிறவருக்குச் சொல்லவேண்டியதைக் கடைசியில் எழுதினோம். டைட் என்பது நிலைமை, டைட்டன் என்பது செயல். லூஸ் என்பது நிலைமை, லூசன் என்பது செயல். அப்படியே ஷார்ப்பன், ஹார்டன், ஷார்ட்டன் என்று பெஞ்சியில் இருந்தவர்களே வரிசையாக அடுக்கத் தொடங்கினார்கள். “அட, ஹீட் ட்ரீட்மென்ட்ல ஹார்டனிங்னு சொல்றது இதுதானா!” என்று டூல் ரூமில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார். இலக்கணப் புத்தகத்தில் ஒரு மூலையில் கிடக்கும் விதி, அவர்களுக்கு அன்று ஸ்பானரைப் போலக் கைக்கு வந்துவிட்டது. தமிழில் ‘டைட்டா இருந்தது’ என்றும் ‘டைட் பண்ணினேன்’ என்றும் வேறுபடுத்திப் பேச அவர்களுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லையாகையால், அந்த வேறுபாட்டை ஆங்கிலம் எங்கே வைத்திருக்கிறது என்று காட்டுவது ஒன்றே என் வேலையாக இருந்தது.

வாக்கியத்தில் அமைத்துக் கற்பது எவ்வளவு அவசியம் என்பதை, பெரிய சொற்களைக் காட்டிலும் சிறிய சொற்கள் நன்றாகப் புலப்படுத்துகின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் கீழ் வைக்கப்படவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்கு விளங்கும் பாஷையிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் அயல்தேசத்திலிருந்து வந்திறங்கிய யந்திரத்தின் மேல் பதித்த தகட்டிலும், அதனோடு வந்த கையேட்டிலும் தமிழை எதிர்பார்க்க முடியாது. ‘ஸ்டார்ட் தி ப்ளோயர் ஒன்லி ஆஃப்டர் க்ளோசிங் தி டாம்பர்’ என்று தகட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட், ப்ளோயர், டாம்பர் ஆகிய மூன்றும் தொழிலாளிக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாக்கியத்தை ஆள்வதோ ‘ஒன்லி ஆஃப்டர்’ என்னும் இரண்டு சிறு சொற்கள். தமிழில் ‘டாம்பரை மூடிய பிறகே ப்ளோயரைப் போடு’ என்று நிபந்தனை முன்னே வந்து, ஏவல் கடைசியில் நிற்கும். முழுவதையும் கேட்டு முடித்தாலன்றிக் கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆங்கிலமோ ஏவலை முன்னே சொல்லிவிட்டு நிபந்தனையைப் பின்னால் சொல்கிறது. தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவன், ப்ளோயரைப் போட்டுவிட்டு டாம்பரை மூடவேண்டும் என்றே அதைப் படிப்பான். ஆகவே பிஃபோர், ஆஃப்டர், அன்டில், அன்லெஸ் ஆகிய நான்கையும் நான் தனிச் சொற்களாக ஒருபோதும் கற்பிப்பதில்லை. ஒரு காரியத்தைச் செய்து காட்டச் சொல்லி, எது முன், எது பின் என்று மாணாக்கர்கள் எழுந்து நின்று நடித்துக் காட்டிய பிறகே அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதவிடுவேன்.

இனி, அப்பியாசத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு வகுப்பில் ஐந்து சொல்லுக்கு மேல் நான் கொடுப்பதில்லை; அவற்றிலும் குறைந்தபட்சம் மூன்று, அவர்கள் வாயில் ஏற்கனவே வழங்குபவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வாக்கியம் எழுதவேண்டும். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வது முதலாவது. செய்யவேண்டிய ஒன்றைச் சொல்வது இரண்டாவது. பிறரிடம் கேட்கும் கேள்வி மூன்றாவது. கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் இன்ஜினீயரிடம் தொழிலாளி சொல்லவேண்டியதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதே அதிகம். ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் கேள்வி கேட்பது உபாத்தியாயருக்கு மட்டும் உரிய காரியமாகவும், விடை சொல்வது மாணவனுக்கு விதிக்கப்பட்ட கடமையாகவும் இருந்துவிட்டபடியால், பதினைந்து வருஷம் படித்தவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியை நேராக அமைக்க நாக்கு எழுவதில்லை.

எழுதியதை எப்போது திரும்பப் படிப்பது என்பதும் முக்கியம். ஜெர்மன் அறிஞர் எப்பிங்ஹாஸ் தம்மையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டு 1885இல் வெளியிட்ட நூலில், கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்றும், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைக் காட்டிலும் இடைவெளி விட்டுப் படிப்பதே நிலைக்கிறது என்றும் காட்டினார். ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கு இந்த முறை மிகவும் அனுகூலமானது. உட்கார்ந்து படிக்க ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்காவிட்டாலும், இரண்டிரண்டு நிமிஷமாகப் பலமுறை கிடைக்கும். சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அன்று எழுதிய வாக்கியத்தைப் படுக்குமுன் ஒரு தரமும், மறுநாள் பஸ்ஸில் ஒரு தரமும், வாரக்கடைசியில் ஒரு தரமும் பார்க்கச் சொல்கிறேன். பார்ப்பது என்றால் படிப்பதன்று. தமிழ் நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டு, ஆங்கில வாக்கியத்தைக் கையால் மறைத்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு கையை எடுப்பது. இப்போது கைபேசியிலேயே அகராதி வந்துவிட்டது. வாக்கியத்தையே மொழிபெயர்த்துக் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அதை நான் தடுப்பதில்லை. தானாக ஒரு வாக்கியத்தை எழுதி முடித்த பிறகு அதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்பவனுக்கு அது நல்ல துணை. எழுதுமுன்பே கேட்பவனுக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. பேக்கிங் என்றால் என்ன என்று அதனிடம் கேட்டவருக்குச் சாமான் கட்டுதல் என்று விடை வந்ததையும், பம்புக்காரர் அதைக் கேட்டுச் சிரித்ததையும் என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

பல பாஷைக்காரர்கள் ஒரே வகுப்பில் இருப்பதும் லாபமாகவே முடிந்தது. தெலுங்கு பேசும் இளைஞன் தன் பாஷையில் ‘அயிந்தி’ என்று முடிக்கும் இடமெல்லாம் தமிழன் ‘ஆச்சு’ என்று முடிப்பதைக் கேட்டு, இருவரும் ஆங்கிலத்தில் ஒரே பிழையைச் செய்வதற்குக் காரணம் கண்டுகொண்டார்கள். முகாமிலிருந்து வந்த இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்று சொன்னபோது முதலில் சிரித்தவர்கள், அதுவும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றது என்று அறிந்ததும், ஜன்னலைத் தமிழென்று நினைத்திருந்த தங்கள் நிலையை எண்ணி அடங்கினார்கள். பிற பாஷைச் சொல்லைப் பேசுவதால் கௌரவம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்னும் தெளிவு பிறந்த பிறகு, ஆங்கிலம் பேச வாய் திறப்பதில் இருந்த கூச்சம் பாதி போய்விட்டது. கூச்சம் போனவன் தப்பாகவாவது பேசுகிறான்; தப்பாகப் பேசுகிறவனைத் திருத்துவது எளிது. பேசாதிருப்பவனுக்கு எந்த உபாத்தியாயரும் உதவிசெய்ய முடியாது.

இவ்வளவு அனுபவத்திலிருந்து நான் கண்ட முடிவு சுருக்கமானது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் அந்தச் சொல் நமக்குச் சொந்தமாகிவிட்டதாக நினைப்பது பிரமை. நம் வாழ்க்கையில் நடந்த ஓர் உண்மையான காரியத்தை, படிக்கிறவர் வேறு பொருள் கொள்ளாதபடி, அந்தச் சொல்லை வைத்து எழுத முடிகிற அன்றுதான் அது நமக்குச் சொந்தம். ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. லாக் புக்கில் ‘ரிமார்க்ஸ்’ என்று ஓர் அங்குலக் கட்டம் போட்டுவிட்டு, அதற்குள் அடங்கும்படி எழுதச் சொன்னால், தொழிலாளி தந்திப் பாஷையில்தான் எழுதுவான். அந்த இடத்தில் என்ன கண்டேன், என்ன செய்தேன், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மூன்று வரிக்கு இடம் விடுங்கள்; முதலில் தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்க விரும்பும் வாசகருக்கும் நான் கூறுவது அதுவே. புதிய சொற்களைத் தேடிப் புறப்படுமுன், இன்று உங்கள் வாயில் வந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எதை, எப்போது என்னும் மூன்றும் விளங்கும்படி அதை வைத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு அடுத்த சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.